பத்து மில்லிமீட்டர்

பதினான்கு அட்டைப் பெட்டிகள்
இரண்டு நாள் கூடத்தில் படுத்திருந்தன.
உடனே பிரிக்கக் கூடாது என்றது தாள்.
இந்த வீட்டின் காற்று
மரத்துக்கு முதலில் பழக வேண்டுமாம்.
"எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று" என்றாய்.
மருத்துவமனையிலிருந்து வந்ததைச் சொல்கிறாய் என்று
தேநீர் ஆறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ட்ரோன்ஹைமில் நவம்பர்.
மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிடுகிறது.
உன் சக்கரத்தை ஒவ்வொரு அடிக்கும்
கையைப் பிடித்து நிறுத்திய சாம்பல்நிறக் கம்பளத்தை
நானும் மேல்வீட்டு சுன்னிவாவும்
பிணம்போலத் தூக்கிப் போனோம்.
படியில் ஒருமுறை சிரித்துவிட்டோம்.
அடியில் வெறும் சிமென்ட்.
அதன்மேல் ஈரம் ஏறாதிருக்க ஒரு தாள்,
அதன்மேல் மெல்லிய கார்க்.

பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தார் உன் அண்ணன் எய்ஸ்டைன்:
மேலே மூன்று மில்லிமீட்டர்தான் ஓக்,
நடுவில் குறுக்காக அடுக்கிய மட்டமரம்,
கீழே இன்னொரு தகடு.
"இது முழு மரமே இல்லையே" என்றார்.
"முழு மரம் முறுக்கிக்கொள்ளும்.
குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால்தான் அடங்கி நிற்கும்"
என்ற நீ
முதுகைத் தட்டிக் காட்டினாய்.
"இங்கே இரண்டு தகடு, ஆறு திருகு.
நானும்தான் முழு மரமில்லை."
அவர் காபி போடப் போய்விட்டார்.

தாழ்ந்த பெஞ்சில் நீ அறுத்தாய்.
மடியெல்லாம் தூள், தாடியெல்லாம் தூள்.
நான் முட்டிபோட்டு எண்களைக் கத்தினேன்:
அறுநூற்றுப் பன்னிரண்டு!
முந்நூற்று நாற்பது, கதவுப் பக்கம்!
சரியாகத்தான் அறுத்தாய்.
முனையை மாற்றிச் சொன்னவள் நான்.
நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.
அந்தப் பலகை இப்போது
அலமாரிக்குள், காலணிகளுக்கு அடியில்
நம் சண்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

சுவரோரம் எங்கும் ஆப்பு வைத்து
பத்து மில்லிமீட்டர் விட்டோம்.
கோடையில் தரை பெருக்கும்போது
போக ஓர் இடம் வேண்டும்.
இதை வேறெதற்கும் உவமையாக்க மாட்டேன்.
ஆனால் அந்த வாரம்தான்
உன்னைக் கேட்காமல் உன் நாற்காலியைத் தள்ளுவதை
நிறுத்தினேன்.

கடைசி வரிசை முடிந்ததும்
ஒரே தள்ளல்.
கட்டிலிலிருந்து ஜன்னல்வரை
பாலில் படகு போவதுபோல் போனாய்.
ஜன்னலில் நிற்கவில்லை.
அன்றுதான் அடித்த சுவர்ப்பட்டையில்
முதல் நசுங்கல்.
நீ சிரித்த சத்தத்துக்கு
மேலே சுன்னிவாவின் நாய் குரைத்தது.

பிறகு பராமரிப்பு.
வாளித் தண்ணீர் கூடாது,
பிழிந்த துணி போதும், மர வரி போகும் திசையில்.
நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு.
உன் நாற்காலிக்கு எதை ஒட்டுவது?
பிப்ரவரியில் காற்று காய்ந்து
பலகைகளுக்கிடையே நாணய விளிம்பளவு பிளவு.
"முப்பத்தொரு சதவீதம்" என்று ஈரமானியைப் பார்த்து
வானிலை வாசிப்பவன்போல் அறிவிப்பாய்.
நான் ஈரமூட்டியை நிரப்புவேன்.

ஏப்ரலில் பனி கரைந்தது.
வழுக்காமலிருக்க நகராட்சி தூவிய பொடிக்கல்
உன் டயரில் ஏறி உள்ளே வந்தது.
வாசலிலிருந்து அடுப்படிவரை
நீளமாக ஒரு கீறல்.
மெழுகுக்குச்சி வாங்கி வந்தேன்,
தேன்நிறம், எண் இரண்டு.
நிறம் பொருந்தவில்லை.
பொருந்தியிருந்தாலும் பூசியிருப்பேனா, தெரியாது.
ஆயுளில் இரண்டு முறை இழைத்துக்கொள்ளலாம் இந்தத் தரையை,
அதற்குமேல் ஓக் மிஞ்சாது.
அவசரமில்லை.
குச்சி கத்திகளோடு இழுப்பறையில் கிடக்கிறது.

இரவில் எங்கோ ஒரு சின்னச் சொடுக்கு.
மரம் சுருங்குகிறது என்று நினைத்தேன்.
இல்லை.
என்னை எழுப்பாமல்
தண்ணீர் குடிக்கப் போகிறாய் நீ.

குழாய் திறக்கிறது. மூடுகிறது.
நான் கண்ணை மூடிக்கொண்டு
தூங்குகிறேன் உனக்காக.