வருகையாளர் எண்ணிக்கை

ஜூரோங் ஏரி உறைந்திருக்கிறது,
தினமும் மாலை ஏழு முதல் பதினொன்று வரை.
இருநூற்றுப் பதினாறு அக்ரிலிக் பலகைகள்,
அடியில் மிதவை, ஒவ்வொன்றிலும் ஓர் உணரி.
கால் வைத்தால்
வைத்த இடத்திலிருந்து வெள்ளையாய் ஒரு விரிசல் ஓடும்.
கூடவே சத்தம்.
செருப்பைக் கழற்றச் சொல்வது என் வேலை.
ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் விடக்கூடாது.
தயங்குகிறவர்களிடம்
உடையாது உடையாது என்று
நான்கு மொழிகளில் சொல்ல வேண்டும்.

சத்தத்தைக் கொண்டுவந்தவள் ஐனோ.
பின்லாந்துக்காரி. இரண்டாம் நாளே
மூக்குத் தோல் உரிந்து நின்றாள்.
மெல்லிய பனிக்கு மேல் ஸ்தாயியாம்,
தடித்ததற்குக் கீழ்.
கீச்சென்று பாடினால் திரும்பி நட,
அவள் ஊரில் நடை பழகும்போதே சொல்லிவிடுவார்களாம்.
என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன்:
எங்கள் மொழியில் உறைதல் என்றால்
கட்டியாவது.
குடியிருப்பதும் அதே சொல்தான்.
அவள் நிமிர்ந்து
கரையோர புளோக்குகளின் ஜன்னல்களைப் பார்த்தாள்.
ஒன்பதாம் மாடியில் யாரோ போர்வை உதறினார்கள்.
சரிதான் என்றாள்.

சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தார்.
எங்கும் அறுபடாமல் இரண்டு விரிசல்கள்
கடைசிவரை அவர் பின்னால் போயின.
அதற்கப்புறம் பிள்ளைகள் எல்லாம்
எனக்கும் சக்கரம் வேண்டும் என்று அழுதன.
தாதி உடுப்பில் ஒருத்தி
இருபது நிமிடம் விளிம்பிலேயே நின்றாள்.
வரிசை அவளைச் சுற்றி வளைந்து நகர்ந்தது.
ஒற்றைப் பெருவிரலை வைத்தாள்.
கீச்சென்றது.
போதும் என்பதுபோல் சிரித்து
செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

சனிக்கிழமை, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம்,
மின்னல் எச்சரிக்கைச் சங்கு.
எல்லோரையும் கரையேற்றினோம்.
ஒரு ஜோடி செருப்பு மிஞ்சியது, எட்டாம் எண், நீலம்.
மின்விசைப் பெட்டியின் சாவி ரஃபிக்குல் இடுப்பில்,
ரஃபிக்குல் சாப்பாட்டுக் கடையில்.
மழை வந்துவிட்டது.

குழந்தைகளின் எடைக்காக
உணரிகளைக் கூர்மையாக்கி வைத்திருந்தோம்.
முதல் துளிக்கே
அறுபத்திரண்டாம் பலகை விரிந்தது.
பிறகு எண்ண முடியவில்லை.
ஏரி முழுக்கக் காலடிகள்,
காலில்லாத காலடிகள்,
ஒரு விரிசல் முடியுமுன் அதன்மேல் இன்னொன்று.
சத்தம் மேலே, இன்னும் மேலே,
எவளோ ஒருத்தியின் ஊர் ஏரி மொத்தமும்
திரும்பி நட, திரும்பி நட என்று பாடியது.
கேட்பதற்கு அங்கே
நான் மட்டும்தான்,
தகரக் கூரைக்குக் கீழே,
கையில் ஆறிய தே ஓ பொட்டலத்தோடு.
என்னிடம் சொல்லவில்லை அது என்று
தெரிந்துகொள்ளச் சற்று நேரமானது.

காலையில் மிஸ் சியூ அழைத்தார்.
நேற்று வருகையாளர்
நான்கு லட்சத்து எண்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு.
சிங்கப்பூரில் பத்தில் ஒருவரா, என்ன விளையாட்டு,
திருத்தி அனுப்பு.
திருத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.
குறிப்பு என்றொரு கட்டம் உண்டு,
இதுவரை நிரப்பியதில்லை.
இரவு ஒன்பதுக்கு மேல் ஒரே ஒருவர் வந்தார்,
நாற்பது பேர் விதிக்கு அடங்கவில்லை,
செருப்பு அணிந்திருக்கவில்லை
என்று எழுதினேன்.

குறிப்பை யாரும் படிப்பதில்லை என்கிறான் ரஃபிக்குல்.
இருவரும் முட்டி போட்டுப் பலகைகளைத் துடைத்தோம்.
விடியலில் கடந்த நீர்நாய்களின் தடம் வேறு, மீன் வாடையோடு.
வெயில் ஏறிய பிறகும்
நூற்று நாற்பதாம் பலகை மட்டும் அணையவில்லை.
உள்ளே எங்கோ நீர் புகுந்திருக்க வேண்டும்.
மேலே யாரோ இன்னும் நிற்பதாக எண்ணி
அது விரிந்துகொண்டே இருந்தது.