மைனஸ் ஒன்று

மண்டபம் ஐஸ் கம்பெனியின் குளிரறைக்கு
நான் சி மொழியில் எழுதிக் கொடுத்தது
மொத்தம் நாற்பத்தோரு வரி.
அதில் ஒரு ஃபங்ஷன்
(ஃபங்ஷன் என்றதும், யாருக்குக் காதுகுத்து
என்று கேட்டான் நம்புகுமார்)
நிமிடத்துக்கு ஒருதரம் உள்ளே போய்
குளிரைத் தொட்டுப் பார்த்து
ஓர் எண்ணோடு திரும்பும்.
ரிட்டர்ன் என்று எழுதிவிட்டால் போதும்,
அதற்குக் கீழே எத்தனை வரி காத்திருந்தாலும்
ஏறெடுத்தும் பார்க்காது.

சென்சார் கம்பி அறுந்தால்?
எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன்:
ரிட்டர்ன் மைனஸ் ஒன்று.
கோளாறு என்று பொருள்.
எனக்கு.

ஒரு வியாழன் இரவு எலி கடித்தது.
திரையில் மைனஸ் ஒன்று.
அடுத்த நிமிடமும் மைனஸ் ஒன்று.
கூப்பிட்டனுப்பிய வரி அதை வாங்கிப் பார்த்தது:
பூஜ்யத்துக்குக் கீழே, நல்ல குளிர்,
மோட்டாரை நிறுத்து.
நிறுத்தியது.
சத்தம் ஓய்ந்த நிம்மதியில்
காவலுக்கு இருந்த நம்புகுமார்
பீடியை அணைத்துவிட்டுப் படுத்தான்.

விடிந்து கதவைத் திறந்தபோது
முதலில் தண்ணீர் வெளியே வந்தது.
பிறகு நாற்றம்.
பதினெட்டுப் பெட்டி கணவாய்.
சீனி இபுராம்சா திட்டவில்லை.
பெட்டிகளை எண்ணினார்,
மறுபடி எண்ணினார்,
கருவாட்டுக்குக்கூட ஆகாது என்றார்.

நம்புகுமார்தான் கேட்டான்:
“ஏக்கா, தெரியலன்னு சொல்ல
அதுக்கு ஒரு வாய் வைக்கலயா நீங்க?”

வைக்கவில்லை.
விடை வருவதற்கும்
விடை இல்லை என்பது வருவதற்கும்
ஒரே வாசல் விட்டிருந்தேன்.
இரண்டும் ஒரே சட்டையில் வந்தன.

அன்று மதியமே
ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவில்
காலிப் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து
மாற்றி எழுதினேன்.
ஒரு முகவரி கொடுத்தனுப்புகிறேன்,
குளிரை அங்கே இறக்கி வைத்துவிடு.
திரும்பும்போது கையில் ஒன்றே ஒன்று போதும்:
பார்த்தாயா, இல்லையா.
பார்த்திருந்தால் பூஜ்யம்.
இல்லையென்றால் மோட்டார் ஓடட்டும், மணி அடிக்கட்டும்.

நம்புகுமாருக்கு அது பிடிக்கவில்லை.
“பூஜ்யம்னா பாடு இல்லன்னுல்ல அர்த்தம்?”
சி-யில் அதற்கு,
குறையில்லாமல் கரை சேர்ந்தேன் என்று அர்த்தம் என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
“அப்பச் சரி. வெறும் மடியோட வந்தாலும்
வந்துட்டான்ல.”

பதினெட்டுப் பெட்டிக்கான பணம்
இன்னும் என் கணக்கில் கழிந்துகொண்டிருக்கிறது.
சில இரவுகளில் மணி அடிக்கிறது.
பெரும்பாலும் எலிதான்.
தெரியவில்லை, தெரியவில்லை என்கிறது அறை.
கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு
அவன் எழுந்து போகிறான்.