பதினோரு மணி வரை ஈரம்

ஞாயிறு மதியம் கரண்ட் போனதும்
குடோன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தராசு மேஜைமேல் பெல்ஜியத்தை விரிப்பான் தனிஸ்லாஸ்.
உரச்சாக்கின் உட்புறம், நீல மையில் சாலைகள்.
பிரெஞ்சுக்காரர்கள் அராபிகா.
ஆங்கிலேயர் ரொபஸ்டா, உருண்டை, நகர மாட்டார்கள்.
பிரஷ்யர்களுக்கு மிளகு,
எண்ணி மாளாது, எங்கிருந்தாவது உருண்டு வரும்.
சக்கரவர்த்தி ஒரு பீபெரி.
பழத்துக்குள் ஜோடியில்லாமல் விளைந்த ஒற்றைக்கொட்டை.

போன வாரம் மழையை நிறுத்தினான்.
ஜூன் பதினேழு ராத்திரி ஒரு சொட்டு விழவில்லை.
விடியும்போதே மண் இறுகி,
ஆறு மணிக்குப் பீரங்கி பேசி,
பத்தரைக்குள் ரொபஸ்டா மொத்தமும் மேஜைக்குக் கீழே.
வெளியே நிஜ மழை. சேர்வராயன் தலை தெரியவில்லை.
"சேத்துல வண்டி மாட்டினவனுக்குத்தான்டா தெரியும்
பதினோரு மணி வரைக்கும் ஈரம்னா என்னன்னு."

அதற்கு முந்தின வாரம் லைப்சிக்.
பாலத்தில் வெடி வைத்து, காவலுக்கு ஒரு கார்ப்பொரல்.
சரித்திரத்தில் அவன் பயந்துபோய்த் திரி கொளுத்தினான்,
பின்படை இன்னும் அக்கரையில் நிற்க.
தனிஸ்லாஸ் அவன் கையில்
நமத்துப்போன தீப்பெட்டி ஒன்றைக் கொடுத்தான்.
அவ்வளவுதான். ஆயிரமாயிரம் பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஒருதரம் தோற்கவே விட்டான்,
ஆனால் அந்தத் தீவுக்கு அனுப்பவில்லை.
கப்பலைத் திருப்பி மதராஸில் இறக்கி
மாட்டுவண்டியில் சேலம், அங்கிருந்து டோலியில் ஏற்காடு.
கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லாத,
காப்பிச்செடி ஏறாத ஏற்காடு.
மனிதர் கோட்டுக்குள் கையை விட்டபடி ஏரிக்கரையில் நடப்பார்,
குளிருக்கு நாம் விடுவதுபோலத்தான்.
சேர்வராயன் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து
எத்தனை பட்டாலியன் தேறும் என்று கணக்குப் போடுவார்.
எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டான்.
அவர் வயிற்றுவலி, நேயின் செத்த குதிரைகள்,
பண்ணைவீட்டுக் கதவை உள்ளிருந்து சாத்திய கை.
ஒன்றை மட்டும் தொட்டதில்லை.

மேஜையின் வலது ஓரம், வாவ்ர் என்று எழுதிய இடத்தில்
ஒரு பிடி அராபிகா. க்ரூஷியின் படை.
பீரங்கிச் சத்தம் கேட்டது அவருக்கு.
ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருந்தார் என்பார்கள்.
சத்தம் வரும் திக்கில் போவோம் என்றார்கள் கூட இருந்தவர்கள்.
எனக்கு உத்தரவு வேறு என்றார்.

எனக்கு உத்தரவு குப்பனூர் ரோடு.
நவம்பர். எட்டாம் வளைவில் பாறை விழுந்து
பஸ்ஸெல்லாம் நின்ற ராத்திரி.
நாற்பது மூட்டை, விடிவதற்குள் செவ்வாய்ப்பேட்டை.
அடிவாரத்தில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.
டேஷ்போர்டில் போன் அடித்தது. மறுபடியும் அடித்தது.
"ரெஜினாவுக்கு மூச்சு வாங்குது. வண்டியோட வா."
மூட்டையை இறக்கிட்டு வந்துடறேன் என்றேன்.
சொன்னபடி வந்தேன்.
காலை ஒன்பதரைக்கு.

மூன்று வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை அவன்.

இன்றைக்கு நானே அந்தப் பிடியை அள்ளி
மேஜை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
நாலு மணிக்கு, இன்னும் வெளிச்சம் நிறைய இருக்கும்போது.
பீபெரி ஜெயித்தது. சுலபமாக.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான் தனிஸ்லாஸ்.
பிறகு ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கி
வாவ்ருக்கே திருப்பி வைத்தான்.
"அந்தாளு சொன்னதைச் செஞ்சான். விடு."

கரண்ட் வந்தது, மழை விடவில்லை.
மூன்று ராஜ்ஜியத்தையும் முறத்தில் வழித்து
மிளகைத் தனியாகப் பொறுக்க உட்கார்ந்தோம்.
வறுத்து அரைக்க வேண்டும்.
எவ்வளவு பொறுக்கினாலும்
ஒன்றிரண்டு தப்பிவிடும்,
டம்ளரின் அடியில் காரும்.