வருகைப் பதிவேடு

புதன்கிழமை, காலை பத்து மணி.
லா பாஸ் நகரம், மூன்றாம் மாடி.
வீட்டுப் பணியாளர் உரிமை மையத்தின்
நிர்வாகக் குழு கூடுகிறது.
குறிப்பெழுதுவது நான்.

ஒன்பது நாற்காலி. ஒன்று புதிது.
போன ஆண்டுதான் விதியைத் திருத்தினோம்:
குழுவில் வீட்டு வேலை செய்யும் பெண்
ஒருத்தியாவது இருக்க வேண்டும்.
"எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், துடிப்பானவள்"
என்று முன்மொழிந்தவர் பொருளாளர் மிர்த்தா.
கைதட்டினோம்.
பெயரை அட்டையில் அச்சடித்து
மேசைமேல் நிறுத்தினோம்:
கசில்டா யுஹ்ரா.

மார்ச்: வரவில்லை.
ஏப்ரல்: வரவில்லை.
மே மாதம் அட்டை சாய்ந்து கிடந்தது,
அதன்மேல் யாரோ வைத்த காப்பிக் கோப்பை.
"அவளுக்கு ஆர்வம் போதாது" என்றார் ரெனான்.
அதையும் எழுதினேன்.
சொன்னதை எழுதத்தானே சம்பளம்.

ஜூன். குளிர்.
மிர்த்தா மேலங்கியைக் கழற்றினார்.
உள்ளே வெள்ளைச் சட்டை, கத்தி போல மடிப்பு.
"யார் இஸ்திரி போடுகிறார்கள், இவ்வளவு அழகாய்?"
"கசில்டாதான்" என்றார்.
சொன்னபின்தான் அவருக்கே காதில் விழுந்தது போல.
கை போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டது.

ரெனான் கணைத்தார்.
அடுத்த பொருளுக்குப் போனோம்.
வருகை வரியில் மட்டும்
என் பேனா எதையும் எழுதவில்லை.

ஞாயிறன்று கம்பிவட வண்டியேறி
எல் ஆல்ட்டோ போனேன். மூச்சு வாங்கியது.
பள்ளிக்கூட முற்றத்தில் நாற்பது பெண்கள்,
வாரத்தில் அவர்களுக்கென்று இருக்கும் ஒரே நாள்.
தலைவி யார் என்று கேட்டேன்.
"இந்த வாரமா? அந்த நீலச் சால்வை."
அய்மாராவில் ஒருத்தி பேசினாள்.
ஸ்பானியத்தில் இன்னொருத்தி சொல்லிமுடிக்கும்வரை
கைக்குழந்தைகளைத் தவிர
யாரும் குறுக்கே பேசவில்லை.

பதிவேட்டோடு கசில்டா வந்தார்.
"எங்கிருந்து?"
"மையத்திலிருந்து."
சிரித்தார். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.
"ஒவ்வொரு மாதமும் உங்களுக்குக் கடிதம் போட்டோம்,
ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று.
இதோ பாருங்கள்.
மையம்: வரவில்லை.
மையம்: வரவில்லை.
மையம்: வரவில்லை."
இரண்டு வருடம், ஒரே கையெழுத்து,
என்னுடையதைவிடத் திருத்தம்.

பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு
இன்றைய வரியில் எழுதினார்:
மையம்: ஒருவர். தாமதம்.

நீலச் சால்வை திரும்பிப் பார்த்தது.
பெஞ்சில் இருந்த மூட்டையை
யாரோ கொஞ்சம் நகர்த்தினார்கள்.