திறப்பு

அங்குராங்கெத்தையில் மூன்றாம் நாளும் மழை.
ஓலைக் கொட்டிலுக்குள் இரண்டு தளபதிகள்.
நடுவில் நான், காத்தமுத்து,
வாவிக்கரையிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்த நாக்கு.

உடுவெல திசாவை கப்பல் பார்த்ததில்லை.
கப்பித்தான் ஹெர்க்
முழங்கால் நோக ஏறிய முதல் மலை இது.
திசாவை சிங்களத்தில் சொல்வார்.
நான் அதைப் பறங்கியில் சொல்வேன்.
எழுத்தன் அதை ஒல்லாந்தில் ஓதுவான்.
பறங்கியை விரட்ட
பறங்கியின் சொல்லே கிடைத்தது எங்களுக்கு.
வேறு பாலம் இல்லை.

கப்பித்தானின் காலுறையில் பதினேழு அட்டை.
பரிசாகக் கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்து
கைநிறைய உப்பள்ளிக் காலில் தேய்த்தான்.
வாசலில் நின்ற வில்லாளிகள்
அட்டையைப் பார்க்கவில்லை.
கரையைப் பறங்கி அடைத்து ஒன்பது மாதம்.
ஈட்டிக்காரன் ஒருவன் குனிந்து
மண்ணில் சிந்தியதை விரலால் ஒற்றி
நாக்கில் வைத்தான், இரத்தத்தோடு.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

"வாடை எழுமுன் வருவேன்,
எழுந்தால் நங்கூரம் நிற்காது" என்றான் இவன்.
"நெல் அறுக்காமல் என் ஆட்கள் இறங்கமாட்டார்கள்,
பசித்தவன் அகழி வெட்டான்" என்றார் அவர்.
வாடையை எப்படிச் சொல்வேன்
காற்றென்றால் மழைக்கு முன்னோடி என்றிருப்பவருக்கு?
அறுவடையை எப்படிச் சொல்வேன்
பீப்பாயிலிருந்து அரிசி எடுப்பவனுக்கு?
பாயில் பாக்குகளைப் பரப்பினேன்.
இது கதிர், இது காற்று.
இடையில் மிஞ்சியது பதினொரு பாக்கு.
பதினொரு நாள்.
கப்பித்தான் முதல்முறை சிரித்தான்.
திசாவை ஒரு பாக்கை எடுத்து
வெற்றிலையில் மடித்து வாயில் போட்டார்.
"பத்து நாள் போதும்."

பிறகு கூலிப் பேச்சு.
வெடிமருந்துக்குக் கறுவா, குண்டுக்கு மிளகு,
ஒரு பீரங்கிக்கு எத்தனை யானை.
கடைசியாக, பிடித்த கோட்டை யாருக்கு?
"திறப்பு எங்கள் கையில்" என்றார் திசாவை.
அதற்குப் பறங்கியின் சொல் சாவி.
சொல்லும்போதே நா இடறியது.
எங்கள் வயலில் சாவி என்றால்
பால் பிடிக்காத கதிர்.
நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றுமிருக்காது.

உடன்படிக்கை இரண்டு படி.
ஒல்லாந்து எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது,
எண்ணத் தெரியும்.
எங்களதில் பதினான்கு கூறு,
அவர்களதில் பதின்மூன்று.
இரண்டைச் சேர்த்து எழுதியிருப்பான்,
நெருக்கிப்பிடித்த எழுத்து என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
வெளியே மழை விட்டிருந்தது.
மகாவலியின் இரைச்சல் கேட்டது.
இருவரும் தோள்தொட்டு நின்றார்கள்.
அந்த நேரத்தில் எவன் வாய்திறப்பான்?

எட்டாம் நாள் கோட்டை விழுந்தது.
கடல்பக்கம் ஹெர்க்கின் மூன்று கப்பல்,
தரைப்பக்கம் நெல்தூசி போகாத கைகள்.
அவன் குண்டு விழுந்த இடத்தில் இவர்கள் ஏணி வைத்தார்கள்,
இவர்கள் தீ காட்டிய இடத்தில் அவன் சுட்டான்.
பொய் சொல்லமாட்டேன்,
அப்படியொரு கூட்டு நான் கண்டதில்லை.
உப்பை நக்கிய ஈட்டிக்காரனைப்
பிணங்களுக்குள் கண்டேன்.
கடல் அவன் கால்வரை வந்து போனது.

மாலை, பறங்கித் தளபதி
வெண்கல வளையத்தை நீட்டினான்.
கப்பித்தான் வாங்கி
இடுப்பில் மாட்டிக்கொண்டான்,
தன் வீட்டுப் பெட்டகத்தினதுபோல.
திசாவை என்னைப் பார்த்தார்.
"கேள்" என்றார்.
கேட்டேன்.
எழுத்தன் தன் படியை விரித்து
பதின்மூன்றையும் நிதானமாக வாசித்தான்.

கணவாய் ஏறும்போது
திசாவை பேசவில்லை, நானும்.
பலகொல்லையில் தாள்வெட்டிய வயலோரம்
விதைநெல் கேட்டு நின்றாள் ஒருத்தி.
அவர் மடியில் கைவிட்டார்.
பத்துப் பாக்கு இருந்தது.