இரண்டாம் தொடல்

ஆட்டத்தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.
சர்வீஸ் போட்டவனுக்கு உண்டு, புள்ளிக்கு உண்டு,
டைம் அவுட் கேட்டதற்குக்கூட உண்டு.
நடுவில் ஒருவன் விரல்நுனியில் வாங்கி
விரல்நுனியிலேயே விட்டானே,
அதற்கு இல்லை.

சமயநல்லூர் மில்லின் வாலிபால் அணிக்கு
முப்பத்தொரு வருடமாக நான் ஸ்கோரர்.
ஆபீஸ் சுவரில் பெயர்ப்பலகை மாட்டப் போகிறார்கள்.
அடித்தவர்கள் பதினாலு பேர், தயாராக இருக்கிறது.
பூஸ்டர்கள் பெயர் சார்? என்றேன்.
"நீங்களே எழுதிக் குடுங்கம்மா,
எடம் இருந்தாப் போடுவோம்."

நாகுராம்.
நான் பார்த்ததில்லை, கேள்விதான்.
சாயப்பட்டறையிலிருந்து நேரே வருவாராம்,
பத்து விரலும் நீலம்.
முதுகுக்குப் பின்னால் அவர் காட்டும் சைகை
வெள்ளை டிரவுசரில் பளிச்சென்று தெரிய,
பின்னால் நிற்கும் கூட்டம் படித்துக் கத்திவிடும்.
பொய் விரல் காட்டப் பழகினார்:
இரண்டென்றால் மூன்று.
உசிலம்பட்டி ஃபைனலில்
அவர் ஆட்களே ஏமாந்து நின்றார்கள்.

ஜெபஸ்தியான்.
ஐந்தடி இரண்டங்குலம். வலைக்கு அந்தப் பக்கம்
யார் இருக்கிறார்கள் என்று
கால்களை வைத்துத்தான் அவருக்குத் தெரியும்.
ஒச்சப்பன் அந்தரத்தில் வில்லாய் வளைந்து நிற்கும்
பேப்பர் படம் ஒன்று உண்டு, மதுரையே பார்த்தது.
கீழ் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும்.
அது ஜெபஸ்தியானுடையது.
பலகைக்கு அந்தப் படத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்.
முழங்கையை வெட்டாதீர்கள் என்று
ஸ்டூடியோக்காரரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

சேக் தாவூது ஆறு மாதம்தான்.
பந்தோடு பேசுவார், கம்பத்தோடு பேசுவார்,
ரெஃப்ரியிடம் மட்டும் ஊமை.
அவருக்கு டபுள் டச் விசில் வந்ததாக
எனக்கு ஞாபகமே இல்லை.
கத்தார் விசா வந்தது, போய்விட்டார்.

மாயழகு.
இந்த இடத்தில் பேனா நின்றது.
நிலக்கோட்டை அரையிறுதி, ஐந்தாவது செட், பதிமூன்றுக்குப் பதிமூன்று.
மழைக்கு முந்தின ராத்திரி, ஈசல் விளக்கை மூடியிருந்தது.
அவன் தூக்கிய பந்து
வலையோடு ஒரு சாண் ஒட்டிப் போனது.
அடுத்ததும்.
விற்றுட்டான் என்றார்கள் பஸ் ஏறுமுன்பே.
மறுமாதம் புது பைக்கில் வந்தான்.
"லோன்லதான்க்கா எடுத்தேன், பேப்பரு காட்டவா?"
நான் பார்க்கவில்லை.
பார்த்திருக்க வேண்டுமோ என்னவோ.
அதற்கு முந்தின நாலு வருடம்
அவன் தூக்கியது எல்லாம்
தலைவாழை இலையில் வைத்த சோறு மாதிரி இருக்கும்,
அடிப்பவன் உட்கார்ந்தால் போதும்.

அன்றைய தாளை நேற்று எடுத்துப் பார்த்தேன்.
எதிரணிக்குப் பதினாலு, பதினைந்து.
என் கையெழுத்து, சரியாக இருக்கிறது.
ஈசல் ஒன்று நசுங்கிய கறை இருக்கிறது.
அவன் நல்லவன் என்றும் இல்லை,
கெட்டவன் என்றும் இல்லை.
புகழாத தாள் குற்றமும் சாட்டாது போல.

கடைசியாக இருளப்பன், இப்போது இருப்பவன்.
ஏலத்தில் எடுத்த பிள்ளை, ஒற்றைக் காதில் கம்மல்.
பந்து வருமுன்பே போய் நிற்கிறான்.
எப்படிடா என்றால்
"கையில பட்ற சத்தம் இருக்குல்லக்கா" என்கிறான்.
முப்பத்தொரு வருடம் வலையோரம் உட்கார்ந்தவள்,
அன்றைக்குத்தான் கண்ணை மூடிக் கேட்டேன்.
ஒரு புள்ளி எழுதத் தவறியது.

ஐந்து பெயரையும் அனுப்பிவிட்டேன்.
மாயழகுக்கு முன்னும் பின்னும்
அடித்தல் திருத்தல் இல்லாமல்.

சாயங்காலம் மேனேஜர் போன்.
"மத்தவங்க சரி. அந்த ஆளு எதுக்கும்மா?"
இருளப்பன் வலையோரம் வந்து
முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கிக்கொண்டிருந்தான்.
விசில் ஊதிட்டாங்க சார், அப்புறம் பேசுறேன்
என்றேன்.
இன்னும் ஊதவில்லை.