பர்கூர் டீ

அறுபது பெட்டியும் ஏற்றி, தார்ப்பாய் போட்டு,
கயிற்றைக் கடைசி முறுக்கு முறுக்கிய பிறகுதான்
மண்டி முனிரத்தினம் வாய் திறந்தான்:
வாடகையைக் காயினாகப் போட்டுவிட்டேன், சவுடப்பா,
போனைப் பார்.

பார்த்தேன்.
நாய்ப் படம். அதன் கீழே
ரயில்பெட்டி போல ஓர் எண்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்,
ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.
ரூபாய்தானே கேட்டேன் என்றேன்.
இது ரூபாய்க்கு அப்பன் என்றான்.

ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வருவதற்குள்
எட்டாயிரத்து நானூறு.
நான் ஒன்றும் செய்யவில்லை.
ஒரு கிரானைட் லாரியை முந்தினேன், அவ்வளவுதான்.
எண்ணூறு ரூபாய் எந்தப் பள்ளத்தில் விழுந்தது?
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
தார்ப்பாய் அவிழவில்லை.

கையிருப்பெல்லாம் டீசலில் போயிருந்தது.
பர்கூர் டீக்கடையில் கேட்டேன்:
காயின் எடுப்பீங்களா?
எடுக்காமல்? சில்லறைக்குத்தானே லோல்படுகிறோம் என்று
பிஸ்கட் டப்பாவை நீட்டினார்.
டப்பாவைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன்,
வண்டியை எடுத்தேன்.

தக்காளிக்கும் இந்தக் குணம் உண்டு.
காலையில் ஐந்நூறு, மத்தியானம் நூற்றெண்பது.
ரொம்ப விழுந்தால் ரோட்டோரம் கொட்டுவோம்,
மாடு தின்னும்.
இதை எந்த மாடு தின்னும்?

வாணியம்பாடியில் ஏற ஆரம்பித்தது.
ஆம்பூரில் பத்தாயிரம்.
பள்ளிகொண்டாவில் பத்தாயிரத்து அறுநூறு.
ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு
ஒரு சின்ன வீட்டுக்கு நிலைப்படி வைத்தேன்.
வாலாஜாவில் கன்டெய்னர் ஓட்டும் சூளகிரிப் பையன்
எனக்குக் கொடுண்ணா,
பத்தாயிரம் இப்பவே கையில் என்றான்.
நோட்டை எண்ணியும் காட்டினான்.
சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன்.
ஒரு டீயாவது குடியுங்க என்றான்.
அவன் காசில் குடித்தால் கடன்;
என் காசில் குடித்தால்
இன்றைக்குப் பன்னிரண்டு ரூபாய் டீ
நாளைக்கு நூறு ரூபாய் டீ ஆகிவிட்டால்?
தண்ணீர் குடித்தேன்.

விழும்போது வாங்க ஆளில்லை,
ஏறும்போது கொடுக்க எனக்கு மனசில்லை.
இதற்குப் பெயர் காசாம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்.
அப்போதுதான் முனிரத்தினம் கூப்பிட்டான்:
எங்கே நிக்குது?
எங்கேயும் நிக்கல என்றேன்.
வண்டியைக் கேட்டானா, அதைக் கேட்டானா,
இன்னும் தெரியாது.

கோயம்பேட்டில் இறக்குகூலி கேட்டார்கள்.
போனை நீட்டினேன்.
சுமைக்காரர் அடைக்கலம் நாய்ப் படத்தைப் பார்த்து
கடிக்குமா என்றார்.
கூலியை அடுத்த நடைக்கு எழுதிக்கொண்டு
டீசலுக்கு ரெண்டாயிரமும்
வழிச்செலவுக்கு ஓர் ஐம்பதும் கொடுத்தார்.
நடுவே மடித்து மடித்து
காந்தியின் கண்ணாடி தேய்ந்த ஐம்பது.

சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
காலியாய்த் திரும்பினேன்.
ஆம்பூரில் தொட்டுப் பார்த்தேன், ஐம்பது.
நாட்றம்பள்ளியில், ஐம்பது.
பர்கூரில் வண்டியை ஓரம்கட்டி
ஒரு டீ சொன்னேன்.
பன்னிரண்டு போக மீதி முப்பத்தெட்டு.
சில்லறை இல்லையே என்று
எட்டு ரூபாய்க்கு
வறுக்கி கொடுத்தார்.